இழந்த பாணும் இனிய நறுமணமும்

பாண் என்னுஞ் சொல் நம் நாவிற் புகுந்து நெடுங்காலமாயிற்று. போர்த்துக்கேயர் இந்நாட்டின் கரையோரங்களை ஆண்ட காலத்தே கதிரை, அலுமாரி, போறணை என்னுஞ் சொற்களோடு அதுவும் வந்து நம்முடையதாயிற்று. வந்தவர் போயினர்; பாண் போகவில்லை. காலையிற் சம்பலோடும், மாலையில் வாழைப்பழத்தோடும், நோயுற்றவர்க்குச் சுடுபாலோடும் அது நம் வீடுகளிற் குடிகொண்டுவிட்டது. முச்சக்கர வண்டியிற் பாண் விற்போர் பீத்தோவன் இயற்றிய இசைத்துணுக்கை ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாக வர, அவ்விசையைக் கேட்ட மாத்திரத்தே பிள்ளைகள் படலையடிக்கு ஓடுங் காட்சியை இலங்கையின் எந்தப் பகுதியிலுங் காணலாம்.

பாண் வாங்குதல் எளிது. மிஞ்சிய பாணை என் செய்வது என்பதே கேள்வி. இக்கேள்விக்கு உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே விடையைத்தான் கண்டிருக்கின்றது: பாலிலும் முட்டையிலும் தோய்த்து, நெய்ப்பசையிற் பொரித்து, இனிப்புச் சேர்த்து உண்பது. நம்மவர் பலர் இதனைப் ‘பொம்பாய் டோஸ்ட்’ என்பர். ஆங்கிலேயர் பிரெஞ்சு டோஸ்ட் என்பர். பிரெஞ்சுக்காரரோ இதற்குத் தம் நாட்டின் பெயரை இடவில்லை. ‘இழந்த பாண்’ என்று பொருள்படும் பெயரையே இட்டனர். கைவிட்டுப் போனதென்று எண்ணிய பாணை மீட்டெடுத்தல் என்பது அதன் உட்பொருள்.

இவ்வாரம் இப்பண்டத்தைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஓமந்தை போன்ற ஊர்களிலிருந்து புறப்பட்டுப் பாரிசு, இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களில் வாழ்வோர் பலர். பாரிசின் உணவகச் சமையலறைகளில் உழைக்கும் நம்மவர் தொகையும் பெரிது. அவர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது சொக்கிலேற்றோடு அழகிய போத்தல் ஒன்றையுங் கொண்டு வருவதுண்டு. “இதில் இரண்டு கரண்டி விட்டுப் பாண் பொரித்துப் பாருங்கோ அக்கா, மணமே வேறை” என்று செய்முறையுஞ் சொல்லிச் செல்வர். வீட்டுத் தலைவிக்கு ஆசையும் உண்டு, ஐயமும் உண்டு. “மதுவல்லவா? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? சூட்டில் எல்லாம் ஆவியாய்ப் போய்விடும் என்கிறார்களே, அது மெய்தானா?” இவ்வையத்தைத் தீர்க்க முயல்வதே நம் நோக்கம்.

முதலிற் பண்டத்தின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். அப்பிசியசு என்பவரின் பெயரால் வழங்கும் பழைய உரோமச் சமையல் நூலிலேயே, பாணைப் பாலில் ஊறவைத்துப் பொரித்துத் தேன் வார்த்து உண்ணும் முறை காணப்படுகின்றது. யேர்மனியர் இதனை ‘ஏழை வீரர்’ என்றழைத்தனர். ஆங்கிலேயரும் ‘வின்சரின் ஏழை வீரர்’ என்னும் பெயரை வழங்கினர். சுபானியர் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்புக் காலத்திலும், போர்த்துக்கேயர் நத்தார்க் காலத்திலும் இதனைச் செய்வர். பெயர்களை நோக்குமின்! இழந்தது, ஏழை, நோன்பு. செல்வர் மாளிகையிற் பிறந்த பண்டமன்று இது. வீணாக்க மனமில்லாத தாய்மாரின் அடுப்பிற் பிறந்தது. மது சேர்க்கும் வழக்கமும் பழையதே. போர்த்துக்கேயர் தம் ஊர்த் திராட்சைமதுவையும் ஆங்கிலேயர் செரி என்னும் மதுவையும் இதிற் சேர்த்தனர்.

இனி, அப்போத்தலில் இருப்பது யாது? லிக்கியூர் என்பது சாராயத்தைப் போல் வடித்தெடுத்த மதுவிலே பழத்தோல், மூலிகை, கொட்டை, கோப்பி முதலியவற்றின் மணத்தை ஏற்றிச் சீனி சேர்த்த இனிப்பு மது. பாணுக்குப் பெரும்பாலும் சேர்க்கப்படுவது தோடம்பழ மணமுடையது. கரிபியன் கடலிலுள்ள குறாசோ என்னுந் தீவிற்கு இசுபானியர் கொண்டுசென்ற தோடை, அத்தீவின் வறண்ட மண்ணிற் கசந்து உண்ணத் தகாததாயிற்று. ஆயினும் அதன் தோல் மிகுந்த மணமுடையதாயிருந்தது. அத்தோலிலிருந்தே குறாசோ மது பிறந்தது. பிரான்சின் அஞ்சே நகரத்துக் குவாந்துரோவும், 1880 இல் தோன்றிய கிறான் மார்னியேயும் அவ்வினத்தைச் சேர்ந்தனவே. இவ்விரண்டிலும் நூற்றுக்கு நாற்பது பங்கு மதுசாரம் உண்டு. இனிப்பாயிருப்பதனால் இலேசானது என்று எண்ணுதல் பிழை; வலிமையில் அது நம் நாட்டுச் சாராயத்திற்குத் தாழ்ந்ததன்று.

ஏன் இதனைச் சேர்க்கின்றனர்? தோடம்பழத் தோலின் மணம் அதன் எண்ணெயில் உள்ளது. அவ்வெண்ணெய் நீரிற் கரையாது, மதுசாரத்திற் கரையும். ஆதலின் மதுசாரம் மணத்தைச் சுமந்து செல்லும் ஊர்தியாகின்றது. சூடேறும்போது அது விரைந்து ஆவியாகி, மணத்தையுந் தன்னோடு மூக்கிற்குக் கொண்டு வருகின்றது. வேறு மாயம் அதில் ஏதுமில்லை. இவ்வுண்மையை மனத்திற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

மேனாட்டு வீடுகளிற் செய்யும் முறை இது. ஒருநாள் வைத்த பாணை இரண்டு சென்ரிமீற்றர்த் தடிப்பில் ஆறு துண்டுகளாக வெட்டுக. மூன்று முட்டையை உடைத்து, ஒரு கோப்பைப் பால், ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு, துருவிய தோடம்பழத் தோல் சிறிது ஆகியவற்றோடு நன்றாக அடிக்க. இதில் லிக்கியூர் இரண்டு மேசைக்கரண்டி, அஃதாவது 30 மில்லிலீற்றர், சேர்ப்பர். அகன்ற தட்டிற் கலவையை ஊற்றிப் பாண் துண்டுகளைப் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஊறவிடுக. தாச்சியில் வெண்ணெயை உருக்கி, மெல்லிய நெருப்பிற் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் பொன்னிறமாக வாட்டி எடுக்க. நெருப்புக் கூடினால் வெளியே கருகும். உள்ளே முட்டை வேகாது. நடுவில் அமுக்கினால் ஈரக்கலவை கசியாமல் மெத்தென்று மீள வேண்டும். அதுவே பதம்.

லிக்கியூரைச் சேர்ப்போர் அதனை அடுப்பிலிருக்கும் தாச்சியில் ஒருபோதும் ஊற்றலாகாது. நாற்பது பங்கு மதுசாரம் குப்பென்று தீப்பற்றும். விறகடுப்பும் கிடுகுக் கூரையும் உள்ள குசினியில் அது விளையாட்டன்று.

இப்போது ஐயத்திற்கு வருவோம். மதுசாரம் 78 பாகை செல்சியசிற் கொதிப்பது. நீர் 100 பாகையிற் கொதிப்பது. ஆதலின் நீர் கொதிக்குமுன் மதுசாரம் முழுவதும் போய்விடும் என்று பலர் கருதுகின்றனர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் நீரோடு கலந்த மதுசாரம் நீரை விட்டுத் தனியே எழுந்து போவதில்லை. இரண்டுஞ் சேர்ந்தே சிறிது சிறிதாக ஆவியாகின்றன. அமெரிக்க விவசாயத் திணைக்களம் இதனை அளந்து அட்டவணையாக வெளியிட்டிருக்கின்றது. கொதிக்கும் பண்டத்தில் மதுவை விட்டு உடனே இறக்கினால் நூற்றுக்கு 85 பங்கு எஞ்சுகின்றது. தீ மூட்டி எரித்துக் காட்டினாலும் 75 பங்கு எஞ்சுகின்றது. பதினைந்து நிமிடம் கிளறிக் காய்ச்சினால் 40 பங்கு. ஒரு மணி நேரம் காய்ச்சினால் 25 பங்கு. இரண்டரை மணி நேரம் காய்ச்சிய பின்னருங்கூட 5 பங்கு எஞ்சுகின்றது.

நம் பாண் துண்டு அடுப்பில் இருப்பது ஏழெட்டு நிமிடமே. அதுவும் கலவை பாணின் உள்ளே ஒளிந்திருக்க, மேற்புறம் மட்டும் வாடுகின்றது. ஆகவே பெரும்பங்கு எஞ்சும் என்று கொள்ளுதலே பொருந்தும். எல்லாம் ஆவியாய்ப் போய்விடும் என்பது மெய்யன்று.

மாணவர் விரும்பினாற் கணக்கையும் செய்து பார்க்கலாம். 30 மில்லிலீற்றரில் நூற்றுக்கு நாற்பது, 12 மில்லிலீற்றர் மதுசாரம். ஒரு மில்லிலீற்றர் ஏறத்தாழ 0.79 கிராம் எடையுள்ளதாதலின், மொத்தம் ஒன்பதரைக் கிராம். ஆறு துண்டுகளுக்குப் பகிர்ந்தால் துண்டொன்றுக்கு ஒன்றரைக் கிராமுக்குச் சற்று மேல். இரண்டு துண்டு உண்பவர் வயிற்றுக்குட் போவது, சூட்டிற் போனது நீங்கலாக, மூன்று கிராமுக்கு உட்பட்டது. 330 மில்லிலீற்றர் கொண்ட சிறிய பியர்த் தகரம் ஒன்றில் உள்ளது ஏறக்குறைய 13 கிராம். வளர்ந்த ஒருவர் இப்பாணை உண்டு வெறி கொள்ளார். இதனை மிகைப்படுத்தி அச்சுறுத்துவதும் அறிவுடைமையாகாது.

எனினும் எல்லோரும் வளர்ந்தவரல்லர். அறுபது கிலோ எடையுள்ள தந்தைக்குச் சிறிதாயிருப்பது, பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு நான்கு மடங்காகின்றது. கருவுற்ற பெண்களுக்கு மதுசாரம் எவ்வளவாயினும் வேண்டா என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இந்நாட்டில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயது நிரம்பாதவர்க்கு மது விற்பதைத் தடுக்கின்றது. கடையில் விற்கக் கூடாததை வீட்டிற் பாணுக்குள் வைத்து ஊட்டுதல் முறையாகுமா?

இவர்களினும் மேலாக நாம் நினைக்க வேண்டியவர் ஒருவர் உளர். குடியை விட்டுவிட முயல்கின்றவர். வன்னியிலே போரின் பின்னர் எத்தனையோ வீடுகள் மீண்டும் எழுந்தன. ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடப்பதற்கு வெயிலிலும் மழையிலும் வரிசையில் நின்ற தலைமுறை இன்றும் இருக்கின்றது. கண்டி–யாழ்ப்பாண வீதி 2002 இல் திறந்து 2006 இல் மூடியதையும் அத்தலைமுறை பார்த்தது; 2011 இல் ஓமந்தைக்குப் புகைவண்டி மீண்டும் வந்ததையும் பார்த்தது. ஆனால் மனத்தின் காயங்கள் தண்டவாளம் போட்டது போல ஆறிவிடவில்லை. இழப்பை மறக்கச் சாராயத்தையுங் கசிப்பையும் நாடிய ஆடவர் பலர். அதனால் அல்லலுற்ற மனைவிமாரும் மக்களும் அவரினும் பலர். அவருள் ஒருவர் மனந்திரும்பி, நாட்களை எண்ணி, குடியாமல் இருந்து வருகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உறவினர் வீட்டுக்கு விருந்தாக வருகின்றார். தட்டில் மணக்க மணக்கப் பாண் வைக்கப்படுகின்றது. ஒரு வாய் உண்டதும் பழைய சுவை நாவில் விழித்துக்கொள்கின்றது. அந்த ஒரு வாய் அவருடைய பல மாத முயற்சியைக் கலைத்துவிடக் கூடும். மேலும், குடியை நிறுத்துவதற்கு வைத்தியர் கொடுக்கும் டைசல்பிராம் என்னும் மருந்தை உட்கொள்பவர்க்கு, உணவிற் கலந்த சிறிதளவு மதுசாரமும் முகஞ் சிவத்தல், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு முதலியவற்றை உண்டாக்க வல்லது. அம்மருந்தைக் கொடுக்கும் வைத்தியர்கள் உணவிலுள்ள மதுவையும் விலக்கும்படி எச்சரிப்பது இதனாலேயே.

விரதம் பூண்டோர், சமயக் கொள்கையால் மதுவைத் தொடாதோர் என்போரையும் இங்கே சேர்த்துக்கொள்க. அவர்க்கு அளவு ஒரு கணக்கன்று; ஒரு துளியும் துளியே.

ஆதலின் நாம் சொல்லுவது இது. வளர்ந்தோர் தாமறிந்து தமக்கெனச் செய்துகொள்வராயின் அஃது அவர் விருப்பம். அதிலே தலையிட நாம் வரவில்லை. ஆனால் பிறர் தட்டில் வைப்பதற்கு முன் “இதில் இன்னது கலந்திருக்கிறது” என்று சொல்லிவிடுதல் கடமை. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கள்ளுண்ணாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் ஒரே நூலில் வைத்த அப்பெருமான், விருந்தினரை அறியாமற் குடிக்கச் செய்வதை உபசாரம் என்று ஒப்பியிரார்.

இனி மகிழ்ச்சியான பகுதி. மணத்தைச் சுமக்கும் ஊர்தியே மதுசாரம் என்றோம். மணம் தோலின் எண்ணெயில் உள்ளது என்றும் சொன்னோம். அவ்வெண்ணெயைச் சுமக்க நெய்ப்பசையும் வல்லது. ஆகவே போத்தல் இல்லாமலே அம்மணத்தை வரவழைக்கலாம். நம் ஊர்த் தோடம்பழம் பச்சைத் தோலுடையது, மணத்திற் குறைந்ததன்று. பழத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, மேற்றோலை மட்டும் மெல்லத் துருவுக. உள்ளிருக்கும் வெண்பகுதி கசக்கும்; அதனைத் தொடலாகாது. துருவலைச் சீனியோடு சேர்த்து விரல் நுனியாற் பிசைக. சீனி ஈரமாகி மணம் எழும். எண்ணெய் வெளிவந்ததற்கு அதுவே அடையாளம். இச்சீனியைக் கலவையிற் சேர்க்க. வாட்டும் வெண்ணெயிலும் ஒரு துண்டுத் தோலை முதலில் இட்டு வாட்டி எடுத்துவிட்டால் மணம் இரட்டிக்கும். இரண்டு ஏலக்காயைத் தட்டிச் சேர்த்தாலோ, ஒரு துண்டு கறுவாவைப் பாலிற் காய்ச்சி ஆறவிட்டாலோ பாரிசுக்காரர் அறியாத புதுச்சுவையொன்று பிறக்கும்.

மேலே ஊற்றுவதற்குப் பனங்கட்டிப் பாகினும் சிறந்தது வேறில்லை. நொறுக்கிய பனங்கட்டி அரைக் கோப்பையைக் கால் கோப்பை நீரிற் கரைத்து வடித்து, கம்பிப் பதம் வருமுன் இறக்கி, தோடம்பழச் சாறு இரண்டு கரண்டி சேர்க்க. பனங்கட்டியின் கருமையுஞ் சிறு கைப்பும் பழத்தின் புளிப்போடு கூடும்போது, லிக்கியூரின் இனிப்பையுங் காரத்தையும் தேடுவார் எவரும் இரார்.

வெள்ளிக்கிழமையும் விரத நாளும் முட்டை ஆகாத வீடுகளில், ஒரு கோப்பைத் தேங்காய்ப்பாலில் இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவும், மசித்த கதலி வாழைப்பழம் ஒன்றும் கரைத்துப் பாணைத் தோய்த்து வாட்டலாம். முட்டை செய்யும் இறுகுதலை அரிசிமா ஓரளவு செய்துவிடும். இதில் நெடுநேரம் ஊறவிடலாகாது. தோய்த்தவுடன் எடுக்க வேண்டும். கடையில் விற்கும் வனிலாச் சாறு சிலவற்றிலும் மதுசாரம் உண்டு. முற்றாக விலக்க வேண்டியவர் சுட்டுத்துண்டைப் படித்து வாங்குக.

பாணைப் பற்றியும் இரண்டொரு சொல். பழம்பாண் இறுகுவது ஈரம் போவதனால் மட்டுமன்று. அதன் மாப்பொருள் ஆறும்போது மீண்டும் ஒழுங்குபட்டுக் கெட்டியாவதே முதற் காரணம். குளிரூட்டியில் வைத்தாற் பூஞ்சணம் பிடிப்பது தாமதமாகும். ஆயின் இறுகுதல் விரைவாகும். இறுகிய பாணே இப்பண்டத்திற்கு ஏற்றது. புதுப்பாண் கலவையிற் கரைந்து குழைந்துவிடும். ஆனால் பழையதும் பழுதானதும் ஒன்றன்று. ஓரிடத்திற் பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் கண்டால், அவ்விடத்தை மட்டும் வெட்டியெறிந்து மிகுதியை உண்ணலாகாது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே பரவியிருக்கும். நம் வெப்பத்திற் சில வேளைகளிற் பாணின் நடுப்பகுதி பிசுபிசுத்து நூல் போல் இழுபடும். பழுத்த பழம்போல் மணக்கும். அதுவும் கிருமியின் வேலையே. அதனை எறிந்துவிடுதலே சிக்கனம். பொரித்தால் எல்லாஞ் சரியாய்ப் போகும் என்று நம்புவதும், காய்ச்சினால் மதுசாரம் போய்விடும் என்று நம்புவதும் ஒரே வகையான தவறு.

இவ்வளவு தூரம் ஒரு துண்டுப் பாணுக்காக எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். இலங்கையிற் கோதுமை விளைவதில்லை. நாம் உண்ணும் பாணின் ஒவ்வொரு துண்டும் கப்பலேறி வந்த கோதுமையிலிருந்து வந்ததே. 1970களின் நடுப்பகுதியிற் பாணுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றவர் இன்றும் நம்மிடையே உளர். 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மாவின் விலை ஏறி, ஓர் இறாத்தற் பாண் ஏழை வீட்டுக்கு அரிய பொருளானதை நம் மாணவர்களே கண்டனர். வன்னியின் குளங்களும் வயல்களும் நெல்லைத் தருகின்றன, கோதுமையைத் தருவதில்லை. கடல்கடந்து காசு கொடுத்துப் பெற்றதை, இறுகிவிட்டது என்று கோழிக்கு எறிவது எங்ஙனம் தகும்? பிரெஞ்சுத் தாய் ‘இழந்த பாண்’ என்று பெயரிட்டாளாயினும், அவள் அதனை இழக்கவில்லை. அவளிடமிருந்து நாம் கற்க வேண்டியது போத்தலின் பெயரையன்று, அச்சிக்கனத்தையே.

வெளிநாட்டிலிருந்து அன்போடு வந்த போத்தலை என் செய்வது என்பீராயின், அதனைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்திலே, அடுப்புக்குத் தூரமாக, பூட்டுள்ள அலுமாரியில் வைக்க. கொண்டு வந்தவர்க்கு நன்றி கூறுக. அவர் மறுமுறை வரும்போது தோடம்பழத் தோலும் ஏலமும் பனங்கட்டிப் பாகும் கூட்டிய பாணைச் சுடச்சுட அவர் தட்டில் வைத்து, முதலில் உண்ணச் சொல்லுக. பிறகு அதில் என்னென்ன கலந்தது என்று ஒளியாமற் சொல்லுக. அச்செய்முறையை அவர் பாரிசுக்கு எழுதிக்கொண்டு போவார் என்பது எம் நம்பிக்கை.